வெறும் பை தின்ற காற்று

குருநகர்ப் பிள்ளைகள் செபம் சொல்லாமல் எதையும் தண்ணீரில் இறக்கமாட்டார்கள். வலை என்றாலும் செபம், புது எஞ்சின் என்றாலும் செபம், பழைய எஞ்சினைக் கழற்றிப் பூட்டினாலும் செபம். ஆகவே, காற்றில் காபனீரொட்சைட்டு எனும் கரியமிலவாயு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கைக்கு அடக்கமான கருவி ஒன்று பதினோராம் வகுப்புக்கு வந்து சேர்ந்தபோது, அதைச் சுற்றி வட்டமாக நின்று அவர்கள் மாதாவுக்கு ஒரு அருள்நிறை மந்திரம் சொன்னது யாருக்கும் புதினமாகப் படவில்லை. விஞ்ஞானம் படிப்பிக்கும் றெஜினாவுக்கும் படவில்லை. அவளும் அந்தக் கரையில் பிறந்தவள்தான். சின்ன வயதில் அப்பாவின் படகு இறங்கும்போது அவளும் அப்படி நின்றவள்தான்.

பாடப்புத்தகத்தில் காபன் வட்டம் என்று ஒரு படம் இருந்தது. ஒரு மாடு, ஒரு மரம், புகை விடும் ஒரு தொழிற்சாலை, இடையில் வளைந்து வளைந்து போகும் அம்புக்குறிகள். பிள்ளைகள் அம்புக்குறிகளைப் பாடமாக்கினார்கள், சோதனைத்தாளில் வரைந்தார்கள், மண்டபத்து வாசலைத் தாண்டும்போது மறந்தும்போனார்கள். மாடே இல்லாத கரையில் மாட்டைக் காட்டிக் காபன் சொல்லிக்கொடுத்து றெஜினாவுக்கு அலுத்துப்போயிருந்தது. பாடசாலையின் பின்மதிலுக்கு அப்பால், கடல்நீரேரி வரைக்கும் உப்புச்சேற்றில் வளரும் கண்டல் மரங்களின் பற்றை ஒன்று இருந்தது. பெரிய காடொன்றுமில்லை. மதிலில் ஏறி நின்றால் முழுவதும் ஒரே பார்வையில் தெரியும். ஒருநாள் அவள் பிள்ளைகளை மதிலேறிக் குதிக்கச் சொன்னாள். பிறகு சேலையைச் செருகிக்கொண்டு தானும் குதித்தாள்.

வேலை எளிதானது. வெயில் படும் ஒரு கண்டல் கொப்பை ஒரு பெரிய தெளிந்த பொலித்தீன் பைக்குள் விடுவது. கருவியையும் உள்ளே வைத்துப் பையின் வாயை வலைநூலால் கட்டுவது. கொஞ்ச நேரத்தில் இலை எவ்வளவு காபனீரொட்சைட்டை இழுத்துக்கொண்டது என்று கருவியின் இலக்கத்தைப் பார்த்துச் சொல்வது. கட்டுவதற்கு முன்னர் எல்லோரும் பையின் வாயைச் சுற்றிக் குனிந்து நிற்க, மீன் விற்கும் ஸ்ரெல்லாவின் மகள் தனுஷா செபத்தைத் தொடங்குவாள். அவளுடைய குரல் வெண்கல மணி. அவள் தொடங்கினால் வகுப்பு முழுவதும் பின்னால் வந்துவிடும்.

இலக்கம் தொள்ளாயிரத்துக்கு மேலே நின்று, நானூற்று ஐம்பதுக்கு இறங்கியது. பிள்ளைகள் துள்ளினார்கள். அடுத்த நாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே. ஒரு சின்னக் கொப்பு பைக்குள் இருக்கும் காபனில் பாதியைத் தின்கிறது என்றால் முழுப் பற்றையும் எவ்வளவு தின்னும் என்று கணக்குப் பார்த்து, கடதாசி மட்டையில் பெரிதாக எழுதி மதிலில் தொங்கவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பங்குச் சுவாமியார் அந்த இலக்கத்தைப் பிரசங்கத்தில் சொன்னார். குருநகர் முழுவதும் அதைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது.

ஆடியதற்குக் காரணம் இருந்தது. அந்தப் பற்றையை வெட்டி நிரவி ஐஸ் அறை கட்டவேண்டும் என்று கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் தேவராசா ஒற்றைக்காலில் நின்றார். அவர் றெஜினாவின் அப்பாவுக்கு அண்ணை. கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்லமுடியாது. ஐஸ் இல்லாமல் மீன் பழுதாவதை வருடக்கணக்காகக் கண்ணால் பார்த்தவர். "இறங்குதுறைக்குப் பக்கத்தில உள்ள காணி உது ஒண்டுதான். எங்கடை பெண்டுகள் தலைச்சுமையோட தூரம் நடக்கினம். அவையளுக்காகத்தான் கேக்கிறன்," என்பார். சற்றுத் தள்ளி, கூரை விழுந்த பழைய வாடி ஒன்று சும்மா கிடந்தது. அங்கே ஒருகாலத்தில் வலை போட்டு வைத்தார்கள். அது தூரம் என்று அவர் ஒரேயடியாகத் தட்டிவிட்டார். சனிக்கிழமை சங்கக் கூட்டத்தில் முடிவு என்று இருந்தது. பற்றை நிற்குமா போகுமா என்பது பிள்ளைகளின் அந்த இலக்கத்தில் தொங்கியது.

அந்தக் கிழமை தனுஷாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பாடசாலை விளையாட்டுப் போட்டியில் தன் இல்ல அணிக்காகக் கத்தியதன் பலன். புதன்கிழமை அவள் வாயைத் திறந்தாள், காற்றுத்தான் வந்தது. தொடங்கிவைக்க ஆளில்லாமல் மற்றவர்கள் ஒருவரையொருவர் இடித்துச் சிரித்து, செபத்தை மறந்தே போனார்கள். அவர்களில் ஒருவனான பிரகாஸ் பையைக் கட்டினான்.

இலக்கம் இம்முறை வெளிக்காற்றில் இருப்பதுபோல் நானூற்று இருபத்தைந்தில் தொடங்கியது. வெயில் ஏறியது, எல்லோரும் காத்திருந்தார்கள். அது முந்நூற்று நாற்பதுக்கு மெல்ல மெல்ல இறங்கி நின்றது.

"கருவி பழுதாப் போச்சு ரீச்சர்," என்றான் பிரகாஸ்.

றெஜினாவும் முதலில் அப்படித்தான் நினைத்தாள். கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு இன்று செபம் சொல்லவில்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது. இன்னொரு பையை எடுத்து, அதற்குள் கொப்பு எதுவும் விடாமல், கருவியை மட்டும் வைத்தாள்.

"எல்லாரும் வாங்கோ. முந்தி நிண்ட மாதிரியே குனிஞ்சு நில்லுங்கோ. செபம் சொல்லுங்கோ. தனுஷாவுக்குக் குரல் இல்லாட்டிப் பரவாயில்லை, நான் தொடங்கிறன்."

சொன்னார்கள். பையின் வாயைக் கொப்புக்குப் பதிலாக ஒரு தடிக்கு மேலே சுற்றி, அதே வலைநூலால் கட்டினாள். இலக்கம் தொள்ளாயிரத்துச் சொச்சம். பின்னர் எல்லோரும் பார்த்திருக்க, அது எண்ணூறானது, எழுநூறானது, அறுநூறைத் தொட்டது. உள்ளே ஒரு இலைகூட இல்லை. வெறும் பை காற்றைத் தின்றுகொண்டிருந்தது.

பிள்ளைகளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவர்கள் அளந்தது கண்டலின் பசியை அல்ல. முப்பது பேர் பைக்குள் விட்ட மூச்சு, இறுக்கமில்லாத கட்டினூடாகத் திரும்ப வெளியே கசிந்ததைத்தான் இவ்வளவு நாளும் அளந்திருக்கிறார்கள். கண்டல் தின்றது அதில் ஒரு சின்னப் பங்கு மட்டுமே. சுவாமியார் பிரசங்கத்தில் சொன்னது குருநகரின் மூச்சுக் கணக்கு.

தனுஷாவின் கண் நிரம்பியது. "என்ரை செபமோ ரீச்சர் பிழை?" என்று கரகரத்த குரலில் கேட்டாள்.

"செபம் பிழையில்லை, பிள்ளை. பைக்குள்ள சொன்னதுதான் பிழை. நானும் பக்கத்தில நிண்டு சொன்னனான்தானே."

"நாங்கள் சொல்லாட்டி உது ஆருக்குத் தெரியும்?" என்றான் பிரகாஸ்.

உண்மையைச் சொன்னால் அந்தக் கேள்வி றெஜினாவுக்குள்ளும் எழுந்து நின்றது. சனிக்கிழமைக்கு இடையில் இன்னும் இரண்டு நாள். பேசாமல் இருந்தால் பற்றை பிழைக்கும். அவள் தன்மீதே எரிச்சலோடு மதிலேறி இந்தப் பக்கம் குதித்தாள்.

அதிபர் குணலட்சுமி நீர்வேலியிலிருந்து தினமும் பேருந்தில் வருகிறவர். நல்ல மனுசி. கதவைச் சாத்திவிட்டு முழுவதையும் கேட்டார்.

"நான் உங்களைப் பொய் சொல்லச் சொல்லேல்லை றெஜினா. சனிக்கிழமை மட்டும் கதைக்காமல் இருங்கோ. கூட்டம் முடிய ஆறுதலாச் சொல்லலாம்."

"முப்பது பிள்ளையள் வெறும் பையைப் பாத்தவை மிஸ். அவையையும் கதைக்காமல் இருக்கச் சொல்லவேணும். பிறகு நான் அவைக்கு என்னத்தைப் படிப்பிக்கிறது?"

"தேவராசா உங்களைக் கிழிச்சுத் தொங்கவிட்டிடுவார். பற்றையும் போயிடும். பாடசாலையின்ரை பேரும் போயிடும்."

"போனால் போகட்டும். சரியான இலக்கத்தோட போகட்டும்," என்றாள் றெஜினா. அதிபர் சாத்திய கதவைத் திறந்துவிட்டு, சனிக்கிழமை தானும் வருவதாகச் சொன்னார்.

மிஞ்சியிருந்த இரண்டு நாளும் வகுப்பு ஓயவில்லை. பையை முதலில் கடற்காற்றுக்கு விரித்துப் பிடித்தார்கள். காற்று வரும் பக்கத்தில் யாரும் நிற்கக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். வலைநூலை எறிந்துவிட்டுச் சைக்கிள் ரியூப்பை வெட்டி வாயை இறுக்கினார்கள். செபத்தை மனதுக்குள் சொன்னார்கள். வெறும் பையை இப்போது கட்டினால் இலக்கம் அசையாமல் நின்றது. இலையோடு கட்டினால் இறங்கியது. கொஞ்சமாகத்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் இறங்கியது. இன்னொரு கூட்டம் பிளாஸ்ரிக் குழாயைச் சேற்றில் அடித்து இறக்கி மேலே இழுத்தது. குழாய் போன ஆழம்வரை சேறு கறுப்பாகவே வந்தது. சேற்றிலிருந்த சிப்பித் தூளை வினாகிரி விட்டுக் கரைத்துப் போக்கி, பேக்கரிப் போறணை அடுப்பில் காயவைத்து, ஆய்வுகூடத்தில் எரித்து, எரித்தபின் எவ்வளவு நிறை குறைந்தது என்று பார்த்தார்கள்; அந்தக் குறைவிலிருந்துதான் சேற்றிலிருந்த காபனைக் கணக்கிட்டார்கள். பார்த்துவிட்டுப் பிரகாஸே வாயைப் பிளந்தான். இலைகள் இழுத்ததில் உக்கிக் காற்றுக்குத் திரும்பாமல் தப்பியதெல்லாம் கீழே கிடந்தது.

சனிக்கிழமை கூட்டம் சங்க மண்டபத்து முற்றத்தில் நடந்தது. முற்றத்தின் ஓரத்திலேயே கண்டல் தொடங்கிவிடும். படகுக்காரர், மீன் விற்கிற பெண்கள், எல்லோரும் கூடியிருந்தார்கள். முற்றத்தின் நட்டநடுவில் கதிரை போட்டுத் தேவராசா உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் மூன்று மீன் பெட்டிகளைச் சுமந்துவந்து எங்கே வைப்பது என்று தடுமாறினார்கள்.

"கதிரையைக் கொஞ்சம் அரக்கி இருங்கோ பெரியப்பா. பெட்டி வைக்க இடம் வேணும்," என்றாள் றெஜினா.

"தலைவற்றை கதிரை அசையாது, பிள்ளை. பெட்டியைச் சுத்தி வையுங்கோ."

சுற்றித்தான் வைத்தார்கள். றெஜினா முன்னால் வந்தாள்.

"சுவாமியார் கோயில்ல சொன்ன இலக்கம் பிழை. நாங்கள் சொன்ன பிழையைத்தான் அவர் சொன்னவர். பைக்குள்ள எங்கடை மூச்சும் போயிருந்தது. செபம் சொல்லிச் சொல்லிக் கட்டினனாங்கள்."

முற்றத்தில் சிரிப்பு வெடித்தது. தேவராசா கண்ணீர் வரச் சிரித்தார்.

"அப்ப, கண்டல் தின்னேல்லை. மாதாவின்ரை மந்திரம்தான் திண்டது," என்று சனத்தைப் பார்த்துச் சொன்னார். "கேட்டியளோ? இனி என்ன கதை. செயலாளர், எழுதுங்கோ."

"சரியான இலக்கத்தையும் பாத்திட்டு எழுதட்டும்," என்றாள் றெஜினா. "எல்லாரும் பின்னுக்குப் போங்கோ. வாயை மூடிக்கொண்டு நில்லுங்கோ. நீங்களும்தான் பெரியப்பா."

குருநகரை வாயை மூடச் சொல்வது லேசுப்பட்ட காரியமில்லை. ஆனால் தனுஷா விரலை உதட்டில் வைத்துக்கொண்டு பெண்களின் பக்கம் பார்த்தாள். ஸ்ரெல்லா கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். மற்றவர்களும் நகர்ந்தார்கள். பிரகாஸ் பையைக் காற்றுக்கு விரித்து, கொப்பை விட்டு, ரியூப்பால் இறுக்கினான். ஏலம் கூறிப் பழகிய வாய்களெல்லாம் மூடியிருக்க, இலக்கம் நானூற்று இருபதிலிருந்து முந்நூற்று நாற்பதுக்கு வந்தது. பக்கத்தில் கட்டிய வெறும் பை அசையவில்லை.

"இவ்வளவும்தானோ?" என்றார் தேவராசா. "என்ரை எஞ்சின் ஒருக்கா இருமினால் உது போச்சு."

"ஓம், போச்சு," என்றாள் றெஜினா. "முழுப் பற்றையும் சேந்தாலும் உங்கடை ஒரு படகின்ரை புகைக்குக் காணாது. அதைத்தான் சொல்ல வந்தனாங்கள்."

அவர் எதிர்பார்த்தது அதுவல்ல. மறுத்துப் பேசுவாள், பிடித்து நொறுக்கலாம் என்றுதான் வந்திருந்தார்.

றெஜினா பெட்டிகளைக் காட்டினாள். ஒன்று காற்று, ஒன்று இலை, ஒன்று சேறு. உள்ளே சிப்பிகள் கிடந்தன. காற்றுப் பெட்டியில் கொஞ்சம், இலைப் பெட்டியில் ஒரு பிடி, சேற்றுப் பெட்டியில் விளிம்புவரை. "இந்தச் சிப்பியைக் காபன் எண்டு நினையுங்கோ. நாங்கள் அளந்த அளவுக்குத்தான் போட்டிருக்கிறம். இலை காத்திலயிருந்து எடுக்கும், கூடப்பங்கு உக்கித் திரும்பப் போயிடும். வருசத்துக்கு ஒரு சிப்பி சேத்துக்குள்ள தங்கும். அந்த ஒண்டு எண்டது மட்டும் எங்கடை ஊகம், அதை அளக்க எங்களிட்டைக் கருவியில்லை. இப்ப ஐஸ் அறைக்கு அத்திவாரம் வெட்டுவம்."

தனுஷா சேற்றுப் பெட்டியைத் தூக்கிக் காற்றுப் பெட்டிக்குள் கவிழ்த்தாள். சிப்பிகள் நிரம்பி வழிந்து, கலகலவென்று ஓடி, தலைவரின் கதிரைக் கால்களைச் சுற்றிப் பரவின.

"வெளியில எடுத்துக் காத்துப்பட்டால் அவ்வளவும் ஒரே நாளில போகாது," என்றாள் றெஜினா. "ஆனால் போகத் தொடங்கும்."

தேவராசா செருப்புக்குள் புகுந்த ஒரு சிப்பியை உதறினார். "சரி, வெட்டுவம். வெட்டிப்போட்டு, அங்கால பாசையூர்ப் பக்கம் புதுசாக் கண்டல் நட்டுவிடுவம். திரும்ப நிரம்பிடும்தானே? உதுக்கு ஏன் இவ்வளவு கூத்து?"

"அப்ப நிரப்பிக் காட்டுறம் ஐயா," என்றாள் தனுஷா. குரல் இன்னும் கரகரத்தது.

அவள் காற்றுப் பெட்டியிலிருந்து ஒரு பிடி சிப்பி எடுத்தாள். கதிரையைச் சுற்றி நடந்து இலைப் பெட்டியில் போட்டாள். அதில் ஒன்றை மட்டும் எடுத்துச் சேற்றுப் பெட்டியில் வைத்தாள். மிச்சத்தை அள்ளித் திரும்பச் சுற்றிக்கொண்டு போய்க் காற்றுப் பெட்டியில் போட்டாள். "ஒரு வருசம்," என்றாள். அவளுக்குப் பின்னால் பிரகாஸ். அவன் பின்னால் அடுத்தவள். வகுப்பு முழுவதும் வரிசையாகச் சுற்றத் தொடங்கியது. டக் என்று ஒரு சிப்பி சேற்றுப் பெட்டியின் அடியில் விழும். கொஞ்சம் கழித்து இன்னொன்று.

முதலில் சிலர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கியது. பெட்டியின் அடிப்பலகை இன்னும் தெரிந்துகொண்டே இருந்தது.

"விளங்கிற்று, நிப்பாட்டுங்கோ," என்றார் தேவராசா.

அவர்கள் நிறுத்தவில்லை. தேவராசா றெஜினாவைத் திரும்பிப் பார்த்தார். நிறுத்தச் சொல்லும் எண்ணம் அவளுக்குக் கொஞ்சமும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அதிபர் குணலட்சுமியும் அவளுக்குப் பக்கத்தில் வந்து அதேபோல் கையைக் கட்டிக்கொண்டார்.

"கூட்டம் நடத்தவேணும் பிள்ளையள். பொழுது படுகுது," என்றார் தேவராசா.

"நீங்கள்தானே ஐயா நிரம்பிடும் எண்டு சொன்னனீங்கள்," என்றான் பிரகாஸ், நடையை விடாமல். "நாங்கள் எண்ணின வருசம் உங்கடை பாட்டன் காலமளவுக்கும் இன்னும் வரேல்லை."

டக். இன்னொரு வருடம். கதிரையைச் சுற்றிச் சுற்றிப் போன வெறுங்கால்கள் மணலில் ஒரு வளைந்த தடத்தைப் போட்டுவிட்டன. ஸ்ரெல்லா எழுந்தாள். நேரே முன்னால் வந்து, வரிசையில் போன தன் மகளுக்கு வழிவிட்டு நின்று, பிறகு சொன்னாள்.

"தேவராசா அண்ணை, மீனைச் சுமக்கிறது நாங்கள். பெண்டுகளுக்காக, பெண்டுகளுக்காக எண்டு நீங்கள்தான் சொல்லுறியள். எங்களிட்டை ஒருதரும் கேக்கேல்லை. எங்கடை தலையைச் சாட்டி உந்தப் பற்றையை வெட்டவேண்டாம். ஐஸ் அறையைப் பழைய வாடியில கட்டுங்கோ. அந்தத் தூரத்தை நாங்கள் நடப்பம்."

"தினமும் நடக்கவேணும், ஸ்ரெல்லா. மழையிலயும் நடக்கவேணும்."

"இவ்வளவு காலமும் என்ன, பறந்தோ வந்தனாங்கள்?"

பெண்கள் பக்கம் கைகள் எழுந்தன. யாரும் வாக்கெடுப்பு என்று சொல்லவில்லை, அவர்களாகவே தூக்கினார்கள். பிறகு ஆண்களின் பக்கமும் ஒன்றிரண்டு, பிறகு கனக்க. செயலாளர் பேனையைப் பிடித்தபடி தலைவரின் முகத்தைப் பார்த்தார். தேவராசா தாடையைத் தடவினார், கண்டலைப் பார்த்தார், தம்பி மகளைப் பார்த்தார்.

"எழுதும்," என்றார் கடைசியில். "பழைய வாடி. கூரைக்குத் தகரம் நான் போடுறன் எண்டும் எழுதும்."

பிழையென்று ஊருக்கு முன்னால் சொன்ன வாயால்தான் வென்றோம் என்ற ஒரே நினைப்பு றெஜினாவுக்குள் கொதித்துக்கொண்டிருந்தது.

பிள்ளைகளோ இன்னும் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அதுதான் முடிஞ்சுதே," என்றார் தேவராசா. இப்போது குரலில் அதட்டல் இல்லை. "இனி ஏன் நடக்கிறியள்?"

தனுஷா கையில் சிப்பிகளோடு அவருக்கு முன்னால் நின்றாள். "கூட்டம்தான் முடிஞ்சுது ஐயா. பெட்டி நிரம்பேல்லை."

அவர் சேற்றுப் பெட்டியை எட்டிப் பார்த்தார். அடிப்பலகையில் ஒரு பிடி சிப்பி கிடந்தது. பின்னால் வரிசை அவருடைய கதிரையில் முட்டி நின்றது. தேவராசா எழுந்தார். கதிரையை இரண்டு கையாலும் தூக்கி, முற்றத்து ஓரத்தில் கொண்டுபோய் வைத்தார். பிள்ளைகள் அவர் இருந்த இடத்தினூடாக நேரே நடந்தார்கள்.